ஆடையும் பேசுமோ?

மனிதனுக்கு அல்லாஹ் வழங்கியுள்ள அருட்கொடைகளில் பேச்சும் ஒன்று, ஆடையும் ஒன்று. நாவு எதைப் பேசியது என்ற கேள்வி மறுமையில் உண்டு என்பதை நாமெல்லாம் அறிந்திருக்கிறோம். ஆடையில் பெருமை கலந்தால் அதற்கும் கேள்வி உண்டு என்பதையும் அறிந்திருக்கிறோம். ஆனால் ஆடையே பேசத் தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சுக்கு யார் பொறுப்பு? நெய்தவரா, அச்சடித்தவரா, விற்றவரா, உடுத்தியவரா? இந்தக் கேள்வியை நாம் இதுவரை ஆற அமர எண்ணிப் பார்த்ததில்லை.

இதைப் பட்டணத்துக் கேள்வி என்று தள்ளிவிடலாகாது. விழுப்புரத்திலிருந்து கெடாருக்கு வரும் பேருந்தில் ஒரு மாலை வேளையில் ஏறிப் பாருங்கள். படிகளிலும் கம்பியருகிலும் நிற்கும் இளைஞர்களின் நெஞ்சையும் முதுகையும் படித்துக்கொண்டே வரலாம். ஒருவர் முதுகில் புலி உறுமும். ஒருவர் நெஞ்சில் நடிகர் சிரிப்பார். ஒருவர் தாம் ஒருநாளும் பார்த்திராத அமெரிக்க நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பார். இன்னொருவர் சட்டையில் ஆங்கிலத்தில் நாலு வரி நீளத்திற்கு ஏதோ எழுதியிருக்கும். "தம்பி, என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், "தெரியாது பாய், கலர் நல்லா இருந்துச்சு, எடுத்தேன்" என்பார். அதே தம்பி, வெள்ளிக்கிழமை நண்பகலில் அதே சட்டையுடன் ஜும்ஆவுக்கு வந்து நமக்கு முன் ஸஃப்பில் நிற்பார்.

இந்த டீ-ஷர்ட்டுகளை வெறுத்து ஒதுக்குவோர் நம்மில் உண்டு. இவை நடமாடும் ஓவியங்கள், முன்பின் அறியாதவரையும் பேச வைப்பவை என்று போற்றுவோரும் உண்டு. இரு சாராரின் சொல்லையும் கேட்டு, மார்க்கத்தின் ஒளியில் நிதானமாக ஆராய்வோம்.

பனியனின் கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்குள் அணிந்துகொண்ட உள்ளாடையே இன்று உலகம் முழுவதும் மேலாடையாகிவிட்டது. நம் நாட்டில் இதற்குத் தலைநகரம் திருப்பூர். 1920-களில் அங்கே முதன்முதலாகப் பனியன் கம்பெனி தொடங்கியவர் குலாம் காதர் எனும் முஸ்லிம் பெருமகனார் என்று அவ்வூரின் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இன்று இலட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அந்தத் தொழிலால் எரிகின்றது. எனவே பனியனை ஏதோ அந்நியர் நம் மீது திணித்த உடை என்று பேசுவதில் பொருளில்லை. உடலை மறைக்கும், வியர்வையை உறிஞ்சும், ஏழைக்கும் கட்டுபடியாகும். அந்த அளவில் அது நல்லாடையே.

அதில் ஓவியம் ஏறியது பிற்பாடு. திரைச்சட்டத்தில் மையை இழுத்து அச்சிடும் முறை பரவியதும் துணி என்பது தாளைப்போல ஆயிற்று. கலையரங்கம் என்பதையே கண்டறியாத ஊர்களுக்கும் படங்கள் மனிதர்களின் நெஞ்சில் ஏறிப் பயணம் வந்தன. சென்னை எழும்பூரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் கெடாரிலுள்ள எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள்? பனியன் வாயிலாகவேனும் ஓர் ஓவியம் அவர்கள் கண்ணில் படட்டுமே என்று கேட்பவரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தப் பயணத்தில் படம் தன் பொருளை இழந்துவிடுவதும் உண்டு. உலகிலேயே அதிகமாகப் பனியனில் ஏறிய முகங்களுள் ஒன்று சேகுவேராவின் முகம். 1960 மார்ச் 5-இல் ஹவானாவில் ஓர் இரங்கல் கூட்டத்தில் ஆல்பெர்டோ கோர்டா எடுத்த புகைப்படம் அது. ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் எனும் அயர்லாந்து ஓவியர் 1968-இல் அதைச் சிவப்பும் கறுப்புமான சுவரொட்டியாக்கினார். பின்னர் அம்முகத்தை எவரெவரோ எதற்கெதற்கோ அச்சிட்டார்கள். ஒரு மதுபான விளம்பரத்திற்கே அதைப் பயன்படுத்தியபோது கோர்டா பொறுக்கமாட்டாமல் 2000-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். கிடைத்த பணத்தைக் கியூபாவின் மருத்துவத்துறைக்கு அளித்துவிட்டார். இன்று அம்முகத்தை அணிந்திருக்கும் நம் பிள்ளைகளிடம் இவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். தெரியாத ஒருவரின் முகத்தை நெஞ்சில் தாங்குகிறோமே, இவர் எதற்காக வாழ்ந்தார், எதற்காகச் செத்தார் என்று அறிய வேண்டாமா?

துணியில் எழுத்து நமக்குப் புதிதன்று

ஆடையில் எழுதுவதே நாகரிகக் கேடு என்று எண்ணுவோர் இஸ்லாமிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். உமையாக்கள், அப்பாஸியாக்கள், ஃபாத்திமியாக்கள் ஆகியோரின் காலங்களில் 'திராஸ்' என்றொரு கலை செழித்திருந்தது. மேலாடையின் கைப்புறத்தில் பட்டை போல எழுத்துக்களை நெய்வார்கள். அதில் கலீஃபாவின் பெயரும் அவருக்கான துஆவும் இருக்கும். அரசர் தாம் மதிப்பவர்களுக்கு அத்தகைய அங்கியைப் பரிசளிப்பார். அதை அணிந்தவர் வாய் திறவாமலே "இன்னாரின் ஆதரவு பெற்றவன் நான்" என்று சொல்லிக்கொண்டு நடப்பார். பிற்காலத்தில் இந்தியாவிலேயே குர்ஆனின் வசனங்களைச் சின்னஞ்சிறு எழுத்துக்களில் எழுதி நிரப்பிய சட்டைகள் உருவாயின. போருக்குச் செல்வோர் காப்பாகக் கருதி அணிந்த அச்சட்டைகள் சில உலக அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன.

முஸ்லிம்கள் செய்தார்கள் என்பதனால் மட்டும் ஒன்று மார்க்கமாகிவிடாது. ஆயினும் துணியில் எழுத்தும் கோலமும் ஏறுவது நம் சமுதாயம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டறிந்த ஒன்று என்பது இதனால் தெளிவாகும். ஆகவே கேள்வி, எழுதலாமா என்பதன்று. எதை எழுதுவது, எங்கே அணிவது, யார் முன் நிற்பது என்பதே கேள்வி.

அபூஜஹ்மின் போர்வை

இக்கேள்விக்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்விலேயே உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. அபூஜஹ்ம் (ரலி) எனும் தோழர் கோலம் நெய்த கம்பளி மேலாடை ஒன்றை அண்ணலாருக்கு அன்பளிப்பாக அளித்திருந்தார். அதை அணிந்து தொழுதபோது அதன் கோலத்தின் மீது அண்ணலாரின் பார்வை ஒருமுறை சென்றது. தொழுகை முடிந்ததும், இதை அபூஜஹ்மிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள கோலமற்ற முரட்டு ஆடையை வாங்கி வாருங்கள், இது என் தொழுகையில் கவனத்தைத் திருப்பிவிட்டது என்ற கருத்தில் அருளினார்கள்.

இதில் நாம் கற்கவேண்டியவை மூன்று. ஒன்று, அந்த ஆடையை அண்ணலார் ஹராம் என்று சொல்லவில்லை, கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. இரண்டு, அழகு குற்றம் என்று கூறவில்லை. தொழுகையில் கவனம் சிதறியதையே காரணமாகக் கூறினார்கள். மூன்றாவது மிக நுட்பமானது. அன்பளிப்பைத் திருப்பி அனுப்பினால் கொடுத்தவர் மனம் வாடுமல்லவா? ஆகவே அவரிடமே வேறொன்றைக் கேட்டு வாங்கினார்கள். பொருள் திரும்பியது, அன்பு திரும்பவில்லை. ஓர் ஆடையைத் தவிர்க்கும்போதுகூட ஒரு மனிதனைத் தவிர்த்துவிடக் கூடாது என்பதே இதன் பாடம்.

இப்பொழுது ஜும்ஆவின் ஸஃப்புக்கு வருவோம். தம் நெஞ்சிலும் முதுகிலும் உள்ளதைச் சட்டை அணிந்தவர் தாமே பார்ப்பதில்லை. பார்ப்பவர் பின்ஸஃப்பில் நிற்பவர். உள்ளம் ஒருமிக்க எவ்வளவோ முயன்றும், கண்ணெதிரே உள்ள எழுத்தைப் படிக்காமலிருக்க எழுத்தறிந்தவரால் இயலாது. கண் பட்டதும் மனம் தானாகவே படித்துவிடும். ருகூவுக்குக் குனியும்போது ஒரு வரி, நிமிரும்போது இன்னொரு வரி! ஆக, முன்னே நிற்பவரின் சட்டை பின்னே நிற்பவரின் தொழுகையில் கை வைக்கிறது. இது ஃபேஷனைப் பற்றிய கேள்வியன்று. அண்டை வீட்டாரின் உரிமையைப் போல, அடுத்த ஸஃப்பிலுள்ளவரின் உரிமையைப் பற்றிய கேள்வி.

உயிருள்ளவற்றின் உருவம் பொறித்த ஆடையுடன் தொழுவதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் மக்ரூஹ் என்று கூறியுள்ளனர். ஆயினும் அதனால் தொழுகை முறிந்துவிடுவதில்லை. துணியில் உள்ள கோலத்திற்கு விலக்களிக்கும் ஹதீஸும் உண்டு. அது உயிரற்றவற்றை மட்டும் குறிப்பதா, எல்லாவற்றையுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதன் விரிவை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடியும் இலையும் கட்டமும் கோலமும் பற்றி எவருக்கும் தடுமாற்றம் வேண்டியதில்லை.

படிக்காமல் வைத்த கைநாட்டு

அடுத்து, பொருள் தெரியாத வாசகத்தை அணிவதைப் பற்றி எண்ணுவோம். எதை நினைத்தோமோ அதற்கே கூலி என்பது நமக்குத் தெரிந்த நியதி. ஆகவே, "நான் அப்படி நினைத்து அணியவில்லையே" என்று இளைஞர் கேட்பார். உண்மைதான், அறியாதவர் மீது அறிந்தவரின் குற்றத்தைச் சுமத்த முடியாது.

ஆனால் அறியாமை எதுவரை மன்னிப்பாகும்? பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பத்திரத்தை நீட்டி, கையெழுத்துப் போடு என்றால் படிக்காமல் போடுவோமா? படிக்கத் தெரியாத முதியவர்கூட, "தம்பி, கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று யாரிடமேனும் கேட்டபிறகுதானே கைநாட்டு வைக்கிறார்? நிலம் போய்விடுமோ என்ற அச்சம் அங்கே இருக்கிறது. நெஞ்சில் எழுதியதற்கு அந்த அச்சம் இல்லை, அதனால் கேட்பதில்லை. ஒரு மனிதன் பொருட்படுத்தாமல் உதிர்த்துவிடும் ஒரே ஒரு சொல் அவனை நரகில் தள்ளிவிடக்கூடும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரீயில் உள்ளது. பொருட்படுத்தாமை என்பதே அங்கே குற்றத்தின் வேர். கேட்டறிய வழியில்லாதவனின் அறியாமை வேறு. கேட்க ஒரு நிமிடம்கூடச் செலவிடாதவனின் அறியாமை வேறு. கைப்பேசியில் அந்த வரியைக் காட்டினால் மறுகணமே பொருள் சொல்லும் இக்காலத்தில், தெரியாது என்ற சொல்லுக்கு வலுக் குறைந்துகொண்டே வருகிறது.

"போடா" யாருக்கு?

இனி, நன்கறிந்தே அணிவோரைப் பற்றி. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமக்கு இந்தி தெரியாது என்று கூறிய நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அவர்களிடம், நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் கேட்டதாகப் பெருஞ்சர்ச்சை எழுந்தது. அடுத்த மாதமே "இந்தி தெரியாது போடா" என்ற வாசகம் பொறித்த டீ-ஷர்ட்டுகள் தமிழகமெங்கும் பரவின. திரைத்துறையினர் அணிந்து படமெடுத்துக்கொண்டார்கள். திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒரு பனியன் நாடு முழுவதையும் பேச வைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் மாநிலத்தில் இல்லை.

அதன் அரசியலை ஆராய்வது நம் நோக்கமன்று. தாய்மொழியின் மானத்தைக் காப்பது எவருக்கும் உரிமை. நாம் பார்க்க வேண்டியது கடைசிச் சொல்லை மட்டுமே. தமிழில் "போங்க" உண்டு, "போ" உண்டு, "போடா" உண்டு. எவரிடம் எதைச் சொல்வது என்று நம் நாவுக்குத் தெரியும். பாட்டனாரைக் கண்டால் நாவு தானே பணிகிறது. நண்பனைக் கண்டால் தானே உரிமை கொள்கிறது. சட்டைக்கு அந்த அறிவு இல்லை. வம்பு பேசியவனுக்காக அச்சிட்ட "போடா"வைப் பெற்ற தாய்க்கும் காட்டும், உஸ்தாதுக்கும் காட்டும், பிழைப்புத் தேடி நம் ஊருக்கு வந்து கட்டட வேலை செய்யும் வடநாட்டு ஏழைக்கும் காட்டும். அவன் என்ன குற்றம் செய்தான்? நாவு பேசிவிட்டு ஓயும். மௌத்து வீட்டில் அடங்கும். சட்டையோ அதை அணிந்திருக்கும் வரை ஓயாது.

ஆடையின் பேச்சிலுள்ள குறை இதுவே. இடமறிந்து, ஆளறிந்து, பொழுதறிந்து பேசுவதையே நாம் அதபு என்கிறோம். அந்த அதபு துணிக்கு இல்லை. ஆகவே அதை உடுத்துபவர் துணிக்கும் சேர்த்து அதபு பேண வேண்டியவராகிறார்.

ஆட்சி மன்றங்களும் இதை உணர்ந்தே நடக்கின்றன. 2025 மார்ச் 20-இல் தொகுதி மறுவரையறையை எதிர்த்து வாசகம் பொறித்த டீ-ஷர்ட்டுகளுடன் தி.மு.க. உறுப்பினர்கள் மக்களவைக்கு வந்தபோது, அவற்றை மாற்றிவிட்டு வருமாறு அவைத்தலைவர் கூறினார், அவை ஒத்திவைக்கப்பட்டது. ஒருவரும் வாய் திறக்குமுன்பே சட்டைகள் பேசிவிட்டன என்றுதானே பொருள்? அறிந்து அணிவது பேசுவதேயாகும். அநீதியைக் கண்டு வாய்மூடாதிருப்பது நம் மார்க்கம் விரும்பும் பண்பு. அதற்கு ஒரு பனியன் கருவியானால் தடையில்லை. ஆனால் பேசியவர் பேச்சுக்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும். பிறர் கண் தம் மீது படவேண்டும் என்பதற்காகவே உடுத்தும் பகட்டாடையைப் பற்றி அபூதாவூதில் வரும் எச்சரிக்கையையும் நெஞ்சில் வைக்க வேண்டும்.

படிப்பவருக்கும் கடமை உண்டு

இதுவரை அணிபவரைப் பற்றிக் கூறினோம். பார்ப்பவரைப் பற்றிக் கூறாவிட்டால் நீதி பாதியாகிவிடும்.

2024 பிப்ரவரி 25-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரக் கடைத்தெருவில் நடந்ததைக் கேளுங்கள். அரபு எழுத்துக்கள் பொறித்த உடையணிந்து கணவருடன் உணவுக்கடைக்கு வந்திருந்த பெண்ணைப் பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவை குர்ஆன் வசனங்கள், இவள் வேதத்தை அவமதித்துவிட்டாள் என்று கூச்சலிட்டது. ஷெஹர்பானோ நக்வி எனும் பெண் காவல் அதிகாரி துணிந்து உள்ளே புகுந்து அப்பெண்ணை மீட்டிராவிட்டால் ஓர் உயிர் போயிருக்கும். பின்னர் ஆலிம்கள் வந்து படித்துப் பார்த்தார்கள். உடையில் இருந்தது 'ஹல்வா' என்ற சொல். இனிமை, அழகு என்று பொருள். நாம் வாயினிக்கத் தின்னும் அல்வாவின் பெயரும் இந்த வேரில் பிறந்ததுதான்! அந்தப் பெண் அறியாமல் அணிந்தார். கூட்டம் அறியாமல் தீர்ப்பளித்தது. இரண்டு அறியாமைகளில் எது கொடியது? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரலாம் என்ற கருத்துப்பட அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அக்கட்டளையை மீறிக்கொண்டே வேதத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

லாகூர் தொலைவில் இருக்கிறது என்று நாம் நிம்மதி கொள்ளலாகாது. படம் போட்ட சட்டையுடன் பள்ளிக்கு வந்த பையனை ஸஃப்பிலேயே பலர் முன்னிலையில் ஏசி, தலைகுனிய வைக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் இல்லையா? அன்று வெளியேறும் பிள்ளை அடுத்த வெள்ளி வருவானா? அவன் சட்டையால் ஒருவர் தொழுகையில் கவனம் சிதறியது; இவர் சொல்லால் ஒருவன் தொழுகையையே விட்டான். பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்ட கிராமத்து அரபியைத் தோழர்கள் தடுக்கப் பாய்ந்தபோது, அவரை விட்டுவிடச் சொல்லி, பின்னர் தண்ணீர் ஊற்றச் செய்து, இதமாக எடுத்துரைத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த உம்மத்தினர் ஒரு பனியனுக்காகப் பிள்ளையை விரட்டுவதா?

திருவசனமும் சட்டையும்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பக்தியின் பெயரால் கலிமாவையும் ஆயத்துக்களையும் பனியனில் அச்சிட்டு விற்கும் வழக்கம் நம்மவரிடையே தோன்றியுள்ளது. 1994-இல் பாரீஸ் நகரின் சனேல் நிறுவனம் பெண்களின் மேற்சட்டையில் குர்ஆன் வசனத்தைப் பொறித்துவிட்டு, உலக முஸ்லிம்களின் கண்டனத்திற்குப் பின் மன்னிப்புக் கேட்டது. அவர்களாவது பொருளறியாமல் செய்தோம் என்றார்கள். பொருளறிந்த நாம் செய்யலாமா? அந்தச் சட்டை வியர்வையில் நனையும், கழிவறைக்குச் செல்லும், அழுக்குத் துணிகளோடு வாளியில் கிடக்கும், நைந்தபின் வண்டி துடைக்கும் துணியாகும். அண்ணலார் முத்திரைக்காகச் செய்த வெள்ளி மோதிரத்தில் அல்லாஹ்வின் திருநாமம் இருந்தது. கழிப்பிடம் செல்லுமுன் அதைக் கழற்றிவிடுவார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் குறித்து ஹதீஸ்கலை வல்லுநர்களிடம் பேச்சு உண்டெனினும், திருநாமத்தைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. கழற்ற எளிதான மோதிரத்திற்கே அவ்வாறென்றால் கழற்ற முடியாத சட்டைக்கு என்ன சொல்வது? திருவசனம் நெஞ்சின்மேல் இருப்பதைவிட நெஞ்சுக்குள் இருப்பதே மேல்.

என்ன செய்யலாம்?

பெருநாளுக்குத் துணியெடுக்க விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் செல்லும் பெற்றோர், நிறத்தையும் விலையையும் பார்ப்பதோடு அதில் எழுதியிருப்பதையும் படித்துப் பார்க்கட்டும். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையையே படித்துப் பொருள் சொல்லச் சொல்லட்டும். வாங்குமுன் அவன் ஒரு சொல்லின் பொருளைத் தேடினால் அதுவும் ஒரு கல்விதான். இளைஞர்கள் தொழுகைக்கென்று எழுத்தில்லாத சட்டை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளட்டும். தொப்பியும் கைலியும் வைத்திருக்கும் பள்ளிவாசல்களில் நாலு வெற்றுத் துண்டுகளையும் ஜமாஅத்தார் வைக்கலாம். மறந்து வந்துவிட்ட பிள்ளை அதைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றால் போயிற்று. சொல்ல வேண்டியதைத் தொழுகைக்குப் பின், தோளில் கைபோட்டு, தனியாகச் சொல்லலாம். ஓவியம் வரையும் திறன் பெற்ற நம் பிள்ளைகள், கடையில் கிடைப்பதை ஏன் சுமக்க வேண்டும்? தங்கள் ஊர் ஏரியையும் பனையையும், கண்கவரும் கோலங்களையும், நல்ல தமிழையும் துணியில் ஏற்றட்டுமே.

டீ-ஷர்ட் அறியாதவரையும் பேச வைக்கிறது என்று போற்றுவோருக்கு ஒரு சொல். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் கூறுவதைச் சிறந்த இஸ்லாமியப் பண்புகளுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் காட்டியிருக்கிறார்கள். சட்டை தன் சொல்லைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். பதிலைக் கேட்க அதற்குக் காதில்லை. ஸலாம் சொன்னவரோ பதிலுக்காக முகம் பார்த்து நிற்கிறார். பேச்சைத் தொடங்கி வைக்க அதைவிடச் சிறந்த வாசகம் ஒன்றுண்டா? இறையச்சம் எனும் ஆடையே மேலானது என்று திருமறை நமக்குக் கற்பிக்கிறது. அந்த ஆடையை உடுத்தியவர், வெளியே எதை அணிந்தாலும் அணியுமுன் ஒருகணம் நின்று யோசிப்பார்.

நம் நாவையும், நம் ஆடையையும், பிறர் மீது படும் நம் பார்வையையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.